சிங்கராஜாவின் கூழ்

அந்தக் காட்டில் சிங்கராஜாவுக்கு இரண்டே வேலை. காலையில் பாறைமேல் ஏறிக் கர்ஜிப்பார். மிருகங்கள் அலறியடித்து ஓடும். பிறகு வரியாக வந்த கிழங்கைக் குகையில் குவிப்பார். சிங்கம் கிழங்கு தின்னாதுதான். ஆனாலும் வரி வரிதானே!

ஒரு வருஷம் மழை பொய்த்து, காட்டுச் சந்தையே படுத்துவிட்டது. கடையை மூடிய முள்ளம்பன்றி குகை வாசலில் வந்து நின்றது.

"ராஜா, பசி காதை அடைக்குது. உள்ளே கிழங்கு சும்மாதானே கிடக்கு?"

சிங்கராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் கிழங்குக் கூழ் காய்ச்சி, வாலாலேயே துழாவி, வெந்ததும் கர்ஜித்துக் கூப்பிட்டார். காடே சிரட்டையோடு வரிசையில் நின்றது.

மறு வருஷம் நல்ல மழை. சந்தை களைகட்டியது. 'அப்பாடா, இனி பழைய கெத்து!' என்று பிடரியில் ஒட்டிய கூழைக் கழுவிவிட்டு, பாறைமேல் ஏறிக் கர்ஜித்தார்.

மிருகங்கள் ஓடத்தான் செய்தன. சிரட்டையோடு, அவரை நோக்கி.

"மழைதான் பெய்தாச்சே! இன்னும் என்ன?" என்று சீறினார்.

"எல்லாம் உங்க புண்ணியம் ராஜா," என்று இளித்தது முள்ளம்பன்றி. "அதான், தொட்டுக்க ஒரு ஊறுகாய் இருந்தா..."

சிங்கராஜா முறைத்தார். நெடுநேரம் முறைத்தார். பிறகு வாலைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"எலுமிச்சையா, மாங்காயா?"