கோட்டுக்குக் கீழே

அந்தச் சிறுமி போட்டிருந்தது மஞ்சள் கவுனா, பச்சையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவள் தலைமேல் அழுந்தியிருந்த கையை மட்டும் மறக்க முடியவில்லை.

ரயில் நிலையத்தின் அகலமான கேட் அருகே நின்ற ஊழியரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் கறார்.

கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே நிற்கும் பிள்ளைக்குப் பயணக் கார்டு வேண்டாம். பெரியவர் தன் கார்டைத் தட்டினால் கூடவே போய்விடலாம். அந்தக் கோட்டைக் கண்டதும் முட்டியை மடக்கச் சொல்லும் அம்மாக்களையும், உச்சந்தலையை அமுக்கும் அப்பாக்களையும் பார்த்துப் பார்த்துக் கறாருக்கு மனிதர்கள் மேலேயே ஒரு குமட்டல் வந்திருந்தது. கேட்டைத் தாண்டிக் குதிக்கிறவன் தன் மானத்தை மட்டும்தான் விற்கிறான். இவர்கள் பிள்ளைக்கும் சேர்த்துக் குனியக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சிறுமியோடு வந்த இந்த ஆளுக்கு மடிப்புக் கலையாத சட்டை. கேட்டுக்கு மேலே இருந்த கேமரா பக்கம் சிறுமி நிமிரப் பார்க்கும்போதெல்லாம் அவன் உள்ளங்கை அவளை அமுக்கியது.

"நில்லுங்க சார். பாப்பாவுக்கு என்ன வயசு?"

"அஞ்சு."

"அஞ்சா?"

"இல்ல... ஆறு ஆகப்போகுது."

வரிசையில் நின்ற ஆபீஸ் பெண்மணி சிரித்துவிட்டார். "கேட்டுக்குக் கேட் வயசு மாறும் போல!"

"கையை எடுங்க சார். பிள்ளை நிமிரட்டும்," என்றார் கறார்.

"எதுக்குங்க? ரயில் வந்துடும்."

"அடுத்ததுல போலாம். இவ்வளவு ஜோரா சட்டை போட்டுக்கிட்டு, பிள்ளை தலையைப் போய் அமுக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"விட்டா கூனாக்கித்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த ஆள் மெதுவாகக் கையை எடுத்தான். சிறுமி நிமிர்ந்தாள்.

கோடு அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

பக்கத்துக் கேட்டுகள் திறந்து திறந்து மூடின. கறார் கோட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

சிரித்த அதே பெண்மணிதான் முதலில் வாய் திறந்தார். "என்னங்க இது அநியாயம்? பெத்தவரைப் பொண்ணு எதிர்லயே இப்படியா கேவலப்படுத்தறது? சார், சும்மா விடாதீங்க, இவர் மேல ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடுங்க."

இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று மேலாளர் போன மாதம்தான் கறாரிடம் சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்.

அந்த ஆள் தன் கார்டை எடுத்து நீட்டப் போனான்.

"அதெல்லாம் வேணாம் சார். மனசுல வெச்சுக்காதீங்க," என்று கறாரே கழுத்தில் தொங்கிய ஊழியர் கார்டைத் தட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

சிறுமி திரும்பித் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. யாரைக் கண்டாலும் திருடனாகவே தெரிகிற தன் கண்களை நினைத்து அருவருப்பாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் தேநீர் குடிக்கப் போனார். பிடிக்காமல் பாதியில் கொட்டிவிட்டு வந்தார். மேஜை மேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி ஸ்டேஷன் கேட்டில் நிற்கும் அக்கா.

"ஏம்ப்பா கறார், இங்க ஒருத்தர் கார்டை வெச்சா சிவப்பு லைட் எரியுது. உள்ள வந்த பதிவே இல்ல. கேட்டா, நீதான் திறந்துவிட்டேன்னு சொல்றார்."

கறார் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஏறும் இடத்தில் தட்டாத கார்டு இறங்கும் இடத்தில் கதவைத் திறக்காது. தினமும் எத்தனையோ பேருக்கு அவரே படித்துப் படித்துச் சொல்கிற விஷயம். பதற்றத்தில் அவருக்கே மறந்துவிட்டது.

"ஆமாக்கா, என் தப்புதான். பாவம், அந்த மனுஷனை ரொம்ப அசிங்கப்படுத்திட்டேன். தயவுசெஞ்சு விட்டுடுங்க. பொண்ணு எதிர்ல மறுபடியும் நிக்க வைக்காதீங்க."

"விடறேன், இரு. பிள்ளை எதுக்கு இப்படி ஏங்கி ஏங்கி அழுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ தூரத்தில் கேட்டுகள் திறந்து மூடும் சத்தம் மட்டும். கறார் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றார்.

அக்கா திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"கறார்... இவரு யாருன்னே தெரியாதுங்குதுப்பா பிள்ளை."

சிறுமி இருட்டுவதற்குள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆள் சிறையில் இருக்கிறான். வேண்டுமென்றே கார்டைத் தட்டவிடாமல் அனுப்பி மடக்கிய சாமர்த்தியசாலி என்று கறாருக்குக் கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் கோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பிள்ளையோடு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "இவங்க உனக்கு யாரும்மா?" என்று கேட்கத் தொடங்கினார். பெற்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை. புகார் எழுதினார்கள், அவர் வேலை போயிற்று.