போயிட்டு வர்றேன்

கதவைத் திறந்த பக்கத்து வீட்டு ஐலீனின் கன்னம் நனைந்திருந்தது.

அழுதிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"வருவதாக நேற்றுச் சொன்னீர்களே," என்றார் ஐலீன். எண்பதைத் தாண்டிய குரல். கோபம் இல்லை. கேள்வி மட்டும்.

அவருக்குப் பின்னால் மேசைமேல் இரண்டு கோப்பைகள். ஒன்று காலி. மற்றது நிறைய. ஆறிய தேநீரின் மேல் ஆடை படிந்து, அது சுருங்கியும் இருந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள்.

சொல்ல வந்தது ஒரே ஒரு சொல். குட்பை. மகள் சுபா சொல்லி அனுப்பியது.

நேற்று கூரியர்காரர் வீடு மாற்றிக் கொடுத்த பார்சலை இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. திருச்சியில் எந்த வீட்டுப் படி இறங்கினாலும் சொல்வதுதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள்.

ஐ வில் கோ அண்ட் கம்.

கேட்டுவிட்டு சுபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அம்மா! இந்த அபர்டீன்ல அப்படிச் சொன்னா நிஜமாவே வரப்போறேன்னு உட்கார்ந்திருப்பாங்க. போய் ஒரு குட்பை சொல்லிட்டு வந்துடு. நாளைக்குத்தான் கிளம்பறியே."

நாளைக் காலை விமானம். திரும்பி வர டிக்கெட் இல்லை. அவளேதான் வேண்டாம் என்றாள்.

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவள். இப்போது பேரனிடம் தனிச் சாவி இருக்கிறது. அவனே கதவைத் திறக்கிறான். அவனே ரொட்டியைச் சூடாக்குகிறான். "ஹாய் பாட்டி" என்று மாடிக்குப் போய்விடுகிறான்.

ஊரிலிருந்து யார் கூப்பிட்டு என்ன பண்றே என்று கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்.

சும்மாதான் இருக்கேன்.

சும்மா இருப்பதை ஊரிலேயே இருந்துகொள்ளலாம். அங்கே வெயிலாவது இருக்கும்.

"உள்ளே வாருங்கள். குளிர் வருகிறது."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாற்காலியருகே சின்ன பிளாஸ்டிக் குப்பி. கண்ணுக்கான சொட்டு மருந்து.

ஐலீன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் கண்ணுக்கு. மீதி கன்னத்துக்கு," என்று சிரித்தார். "கை நடுங்குகிறது. கன்னத்துக்கு நன்றாகத்தான் பார்வை தெரிகிறது."

அழவில்லை.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. குழாய்க்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண்வரை.

"சாய்ஞ்சுக்குங்க ஐலீன்மா."

வயதில் பெரியவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வராது.

"என் பெயரை நீங்கள் மட்டும்தான் இப்படி நீட்டுகிறீர்கள்," என்றபடி ஐலீன் சாய்ந்தார்.

கீழ் இமையை மெல்ல இழுத்தாள். கணவருக்கு ஊற்றிப் பழகிய கை. அவர் போனபின் அதற்கு இந்த வேலை வரவில்லை.

"மேல பாருங்க."

தமிழில்தான் வந்தது.

ஐலீன் மேலே பார்த்தார்.

ஒரு சொட்டு. சரியாக விழுந்தது.

"மூடிக்குங்க."

மூடினார்.

மருந்து மூக்குக்குள் இறங்காமல் கண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள். விரலின் கீழே சின்னதாக ஒரு துடிப்பு. அது ஐலீனுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. சுபாவாகத்தான் இருக்கும். பெட்டியை எடை போட வேண்டும்.

எடுக்கவில்லை. கை வேலையாக இருந்தது.

"இது எவ்வளவு நாளைக்கு?"

"தினம் ஒரு சொட்டு," என்றார் ஐலீன், மூடிய கண்ணோடு. "கண் இருக்கும்வரை. அல்லது நான் இருக்கும்வரை. எது முதலில் முடிகிறதோ."

விரலை எடுத்தாள். கன்னம் காய்ந்திருந்தது.

ஆறிய தேநீரைக் கொட்டினாள். இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தாள்.

வாசலில் ஷூவை மாட்ட நேரமாயிற்று. ஐலீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குட்பை. நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"ஐ வில் கோ அண்ட் கம்," என்றாள்.

ஐலீன் தலையாட்டவில்லை.

"எப்போது?"

எத்தனை வீடுகளில், எத்தனை வருடங்களாகச் சொன்ன சொல். இதுவரை யாரும் அவளிடம் எப்போது என்று கேட்டதில்லை.

போன் மறுபடியும் அதிர்ந்தது.

"நாளைக்கு," என்றாள். "இதே நேரம்."