சகலையின் கப்பல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கொலைவெறிக் கதை சொல்கிறேன்.

அக்காவையும் தங்கையையும் கட்டிய சகலைகள் இருவர். வீட்டில் கிடக்கும் சாமான்களைக் கொண்டு விண்கப்பல் பொம்மை கட்டி, மேசையில் போர் நடத்துவது இருவருக்கும் பைத்தியம். ஊரில் நடக்கும் பொம்மைக் கப்பல் போட்டியில் வருடா வருடம் முதல் பரிசு மூத்தவருக்கே. வயிறு எரிவது இளையவனுக்கு.

இந்த முறை யாரும் வருமுன்னே இளையவன் போட்டி மண்டபத்துக்குள் நுழைந்தான். முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்த மூத்தவரின் கப்பல், ஷாம்பு பாட்டில் உடம்பும் பேனா மூடிப் பீரங்கியுமாக மினுங்கியது.

"இன்னையோட ஒழிஞ்சடா நீ!"

ஸ்க்ரூடிரைவரால் வயிற்றைக் குத்திக் கிழித்தான். லைட்டரால் முகத்தைப் பொசுக்கினான். கழுத்தை முறித்துப் போட்ட பிறகுதான் மூச்சு விட்டான்.

நடுவர் வந்தார். சிதைந்த கப்பலின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா! இந்த வருஷத் தலைப்பே 'போரில் அடிபட்ட கப்பல்'. இதுக்குத்தான் முதல் பரிசு!"

மூத்தவருக்குக் கண் கலங்கியது. "ஆசையா கட்டினதை அடிக்க எனக்குக் கை வரலைங்க. எந்த மகராசன் செஞ்சானோ, அவன் கை நல்லாருக்கணும்!"

இளையவனின் மனைவி அவன் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு கீறல்கூட இல்லையே! தலைப்பு உங்க காதுல மட்டும் விழலையா? ஒரு பொம்மையை அடிக்கக்கூடத் துப்பில்லையே உங்களுக்கு!"

உங்கள் வீட்டில் உடைவதெல்லாம் நல்லதுக்கே உடையட்டும், கண்ணுகளா.