தடை வந்த பிறகு

மாடிப்படியில் ஷூ சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற சத்தம்.

கம்பெனி வக்கீல்தான். தடை உத்தரவு வாங்கியாச்சு என்று போனில் சொல்லிவிட்டுத்தான் ஹைகோர்ட்டிலிருந்து கிளம்பியிருந்தார்.

அந்தக் காகிதம் மேஜைக்கு வருவதற்குள் அதிகாரிக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்.

"கிருமி இருக்குன்னு தெரிஞ்சும் அந்தக் கண் சொட்டு மருந்தை வெளியே அனுப்பச் சொன்னது யாரு?"

எதிரே அவள். கம்பெனியில் மருந்தின் தரம் பார்க்கிற பிரிவுக்குத் தலைவி. காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். மறுத்தால் ஜெயில். சட்டம் அவருக்குத் தந்திருந்த அதிகாரம் அப்படி.

"சொல்லுங்க மேடம்."

அவள் கதவைப் பார்த்தாள்.

கதவு திறந்தது.

மூச்சிரைக்க வக்கீல் காகிதத்தை நீட்டினார். இவரைக் கட்டாயப்படுத்தி விசாரிக்க இடைக்காலத் தடை. முழுசாக ஒரு பத்திகூட இல்லை.

டைப் அடித்துக்கொண்டிருந்தவரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. விசாரணையைப் பதிவு செய்த கேமரா அணைந்தது.

எங்கேயோ ஒரு நீதிபதி சொன்ன நாலு வரி. இங்கே ஓர் அரசாங்கமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அதிகாரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பிரமிப்பு.

ஃபைலை மூடினார். பார்வை போனவர்களின் போட்டோக்கள் உள்ளே போயின.

இவள் பேசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இதே கம்பெனியிலிருந்து முன்பு பேசிய இருவரின் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்கவில்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று உடைத்தவர் இதே வக்கீல்.

வக்கீல் அவளைக் கிளம்பச் சொன்னார். கார் கீழே தயாராக நிற்கிறதாம்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இனிமே என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாதுல்ல சார்?"

"அந்த ஆண்டவனே வந்தாலும் முடியாதும்மா." வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

"நானா பேசினா?"

சிரிப்பு பாதியில் நின்றது. வக்கீல் உத்தரவைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அதற்குத் தடை எங்கேயும் இல்லை.

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"எம்.டி.தான் சார். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, அனுப்பச் சொன்னார். கேமராவைப் போடுங்க. வக்கீல் சாரும் இருக்கட்டும். யாரும் மிரட்டலைன்னு அவரே பாத்துக்கட்டும்."

டைப் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதிகாரி ஃபைலை மறுபடி திறந்தார். ஒருவேளை தடை கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

"கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம்னு எம்.டி.க்கு யோசனை சொன்னதே நான்தான் சார்."