மாப்பிள்ளை எங்கே?

"பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு இல்லத்துக்குள்ளயே தாலி கட்டியிருக்கீங்களாமே?"

ஜீப்பிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சீறினார் சிறுவர் பாதுகாப்பு அதிகாரி மதுசூதனன். தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்த இல்லத்தின் பொறுப்பாளர் சுதர்ஷினி அசரவில்லை.

"ஆமாங்க சார். நான்தான் நடத்தி வச்சேன். எட்டு லயத்து வீட்டு வரிசைக்கும் கேக்குற மாதிரி தப்படிச்சோம்."

"ஜெயிலுக்குப் போவீங்கம்மா!"

"போறேன். ஆனா நிப்பாட்ட மாட்டேன். போன மாசியிலயும் நடத்துனேன், வர்ற மாசியிலயும் நடத்துவேன்."

"யாரு பொண்ணு?"

கழுத்தில் மஞ்சள் கயிறோடு லோஜினி நிமிர்ந்து நின்றாள்.

"மாப்பிள்ளை எங்க? ஓடிட்டானா?"

"எங்க சார் ஓடுறது? உள்ளதான் இருக்கு."

சுதர்ஷினி குரல் கொடுத்தாள். மையால் வரைந்த மீசையும் கையில் கரும்பு வில்லுமாக ஓடி வந்தாள் கேஷிகா.

"இவ மன்மதன், அவ ரதி. பெட்டிசன் போட்டது கோயில் கமிட்டிதானே? பொம்பளப் பிள்ளைங்க காமன் கூத்து ஆடக் கூடாதுன்னு எங்கிட்டயும் வந்து சத்தம் போட்டாங்க. எங்க கூத்தை எங்க பிள்ளைங்க ஆடாம வேற யாரு சார் ஆடுவா?"

மதுசூதனன் பெட்டிசனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பொழுது சாஞ்சதும் மாப்பிள்ளையை எரிக்கப் போறோம். இருந்து பாத்துட்டு, அதுக்கும் சேத்து கேஸ் எழுதுங்க!"