ஆளுக்கொரு வரலாறு சொல்லும் நீரூற்று

செல்லப்பனின் வருடாந்தர நினைவு நாளன்று அவர் மனைவி தவமணி முதல்முறையாக அந்தப் பூங்காவுக்குப் போனாள். சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கி இறந்த அவர் உட்பட ஐந்து பேருக்காக அங்கே ஒரு நினைவு நீரூற்று இருந்தது. அதன் விளிம்பில் அவருக்குப் பிடித்த டீயையும் பீடிக்கட்டையும் வைத்துக் கும்பிட்டாள்.

யார் வந்து நின்றாலும் நீரூற்று தன் வரலாற்றைச் சொல்லும். "முகமூடிகூடத் தராமல் இறக்கினார்கள், அம்மா. அது கொலை," என்றது. தவமணி அழுதுவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து, அன்று அவர்களை இறக்கிவிட்ட காண்ட்ராக்டரின் மகன் குடும்பத்தோடு வந்து நின்றான். நீரூற்றின் குரல் குழைந்தது.

"குடித்துவிட்டு, சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினார்கள், சார். உங்கள் அப்பாதான் பெரிய மனசு பண்ணி என்னைக் கட்டினார்."

அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். தவமணி காவலாளியைக் கூப்பிட்டாள்.

"என்னய்யா இது, ஆளுக்கொரு பேச்சு பேசுது?"

"வர்றவங்க மனசு நோகக் கூடாதுல்லக்கா, அதுக்குத்தான் இப்படி வச்சிருக்காங்க. நீங்களும் இப்ப அழுது மனசு ஆறினீங்கல்ல?"

அவள் டீயைத் தரையில் கொட்டினாள். பீடிக்கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன தண்ணீரில் காறித் துப்பினாள்.

"உங்கள் கோபம் நியாயம்தான், அம்மா," என்று தழுதழுத்தது நீரூற்று. "செல்லப்பனும் உங்களைப் போலவே பெரிய கோபக்காரர்."

கோபப்படத் தெரிந்த மனுஷனாக இருந்திருந்தால் அவர் அந்தக் குழிக்குள் இறங்கியே இருக்கமாட்டார்.