நான் சீவிய குளம்பு

இந்தக் குளம்பைச் சீவியது நான்தான், என் கைவேலை எனக்குத் தெரியாதா என்று நினைத்தாள் யோகமலர். வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் தண்ணீர் தெளித்ததும், உடலைச் சிலிர்த்துச் சம்மதம் சொன்ன செம்மறிக் கிடாய் இது. வெட்டினார்கள். தலை பூசாரிக்குப் போனது. அவள் வீட்டில் ஈரல் வறுத்தார்கள். இன்று திங்கட்கிழமை. அதே கிடாய் கொட்டிலில் நின்று பலா இலை தின்றுகொண்டிருந்தது. கழுத்து ரோமம் மட்டும் ஈரமாக இருந்தது.

கணவன் லோகநாதன் கொட்டிலுக்குள் வரவில்லை; வாசலிலேயே நின்றான்.

“சாமி ஏத்துக்கல போல. திரும்பவும் குடுத்துருவோம், புள்ள. கயித்த அவுத்துக் குடு.”

“ஈரல வறுத்துத் தின்னப்ப அப்படித் தோணலையா?”

அவன் வெளியே நின்றபடியே கயிற்றுக்குக் கை நீட்டினான்.

“நான் தர மாட்டேங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஆடுகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்துப் போத்தலைக் குலுக்கி, கிடாயின் வாயைத் திறந்தாள்.